வலேஜோ மெட்டல் கலர் 77.701: வன்னி வெக்கைக்குள்ள ஒரு டகோட்டாவுக்கு அலுமினியம் அடிச்சுப் பாத்தன்

முதல்லயே சொல்லிப்போடுறன், பிளேன் மொடலுக்கு அடிக்கிற இந்த அலுமினியக் கலர் பெயிண்ட் போத்திலை நம்பி வாங்கலாம். எங்கட வெக்கைக்கும் எங்கட வீடுகளுக்கும் இதைவிடத் தோதான மெட்டல் பெயிண்ட் ஒண்டையும் நான் இன்னும் காணேல்ல. ஆனா போத்திலைத் திறந்து நேர பிளாஸ்டிக்கில அடிச்சா வெள்ளிக் கலர் பூசின பிளாஸ்டிக் தான் மிஞ்சும், அலுமினியம் வராது. அலுமினியம் வாறது அதுக்கு அடியில போடுற கறுப்பில. இதை எனக்கு ஆராவது முந்தியே சொல்லியிருந்தா ஒரு மாசம் மிச்சம், அதுதான் இவ்வளவு நீட்டா எழுதுறன்.

நான் கிளிநொச்சிப் பக்கம். பிளேன் மொடல் கட்டத் தொடங்கி ஆறு வருசமாச்சு, இதுவரை கட்டினதெல்லாம் பச்சையும் மண்ணிறமும் அடிச்ச சண்டைப் பிளேன், எல்லாம் என்ர அறைக்குள்ள பெட்டியில கிடக்கு. விறாந்தையில வைக்கிறேல்ல. அம்மா எங்களைத் தூக்கிக்கொண்டு, குண்டு போட வாற கிபிர் பிளேன் சத்தத்துக்கு பங்கருக்குள்ள ஓடின ஆள், இண்டைக்கும் மேல ஏதும் இரைஞ்சா கையில இருக்கிறதை வைச்சிட்டு முத்தத்துக்கு வந்து அண்ணாந்து பாப்பா. அவ ரீவி பாக்கேக்க கண்ணுக்கு முன்னால குண்டு தொங்கிற ஒண்டை வைக்க எனக்கு மனம் வரேல்ல. அப்பதான் அவவே ஒருநாள் கேட்டா, "அப்பப்பா ஏறின பிளேன் செய்யமாட்டியோ தம்பி?" எண்டு.

அப்பப்பா ஏறினது டகோட்டா. இலங்கையின்ர பழைய விமானக் கொம்பனி எயார் சிலோன் 1947 இல தொடங்கேக்க அவங்களிட்ட இருந்தது டிசி-3, அதாவது டகோட்டா தான், அந்த வருசம் டிசம்பர் 10 போன முதல் பயணமே இரத்மலானையில இருந்து காங்கேசன்துறைக்கு, அதாவது பலாலிக்கு, வந்து பிறகு மதராசுக்கு. அப்பப்பா பிறகொரு காலத்தில பலாலியில இருந்து கொழும்புக்குப் போனவர். பின்வால் நிலத்தில இருக்கிற பிளேன் எண்டபடியா உள்ளுக்க ஏறினா மேட்டில நடக்கிற மாதிரி நடந்துதான் சீட்டுக்குப் போகவேணுமாம், வெளியில வெயிலுக்கு தகரம் மாதிரி மினுங்குமாம், பாக்கேலாமல் கண் கூசுமாம். அவர் இப்ப இல்ல. அந்தக் கண் கூசிற மினுக்கம்தான் எனக்கு வேணும்.

கிட் எயார்ஃபிக்ஸ் 1/72, அதாவது உண்மையான பிளேனில 72 இல ஒரு பங்கு அளவு. செட்டை விரிச்சா 40 சென்ரிமீற்றர் வருது, பனல் கோடுகள், அதாவது தகடும் தகடும் சேருற கோடுகள், மெல்லிசா உள்ளுக்குக் குழிஞ்ச மாதிரி இருக்கு, வெறும் உலோகத்துக்கு இது நல்ல வசதி.

இனி ஏன் வலேஜோ எண்டு சொல்லுறன். வெறும் உலோகம் எண்ட உடன எல்லாரும் முதல் சொல்லுறது அல்கிளாட் எண்ட பெயிண்ட். அந்தப் பேரே உண்மையான பிளேன் தகட்டின்ர பேர் தான். டியூராலுமின் பலமான கலவை, ஆனா செம்பு கலந்திருக்கிறதால உப்புக்காத்துக்கு கெதியா அரிச்சுப் போகும், அதுக்காக ரெண்டு பக்கமும் மெல்லிசா தூய அலுமினியத்தை ஒட்டி உருட்டி எடுக்கிறது, அதுதான் அல்கிளாட். பெயிண்டும் அந்த மாதிரியே அடிபடும், மினுக்கத்தில இண்டைக்கும் அதை வெல்ல ஆளில்ல எண்டுதான் நானும் நினைக்கிறன். ஆனா அது லக்கர், கடும் மணமுள்ள தின்னரில கரைச்ச பெயிண்ட். மணம் வீடு முழுக்க ஏறும், சரியான மாஸ்க் இல்லாமல் அடிக்கவே கூடாது, எங்கட அப்பாவுக்கு முட்டு வருத்தம், ரெண்டு அறை வீட்டில நான் அதை எங்க கொண்டுபோய் அடிக்கிறது? தமியா ஏஎஸ்-12 ஸ்பிறே ரின்னும் நல்ல சாமான், பிளாஸ்டிக்கில கெட்டியாப் பிடிக்கும், எயார்பிரஷ் (காத்தால பெயிண்டைத் தெளிக்கிற சின்னக் கருவி) இல்லாத ஆளுக்கு நான் அதைத்தான் சொல்லுவன். ஆனா அமுக்கம் ஏத்தின ரின், நெருப்புப் பிடிக்கிற சாமான், பிளேனில பார்சல் எடுக்கமாட்டினம், வெளிநாட்டில இருந்து ஆரும் வரேக்க சூட்கேசுக்குள்ளயும் வைச்சுக் கொண்டுவரேலாது. சமையல் ஃபொயிலை கம் பூசி ஒட்டுற முறையும் இருக்கு, ஒரு செட்டைத் துண்டில ஒட்டிப் பாத்தனான், அது உண்மையான அலுமினியம் தானே, தட்டையான இடத்தில அதைப்போல ஒண்டும் வராது, ஆனா டகோட்டாவின்ர மூக்கு பூசணிக்காய் மாதிரி எல்லாப் பக்கமும் வளைஞ்சது, அதில சுருக்கம் விழுந்தா எடுக்கவே ஏலாது.

வலேஜோ மெட்டல் கலர் தண்ணியில கரையிற அக்ரிலிக். 32 மில்லி சொட்டுப் போத்தில், தின்னர் கலக்காமல் நேர எயார்பிரஷுக்குள்ள விடலாம். மணம் இல்லையெண்டே சொல்லலாம். ஜன்னலைத் திறந்துவிட்டு சாதாரண மாஸ்க்கோட அடிச்சனான், அப்பா பக்கத்து அறையில பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்தவர், ஒரு இருமல் வரேல்ல. எனக்கு இதுதான் முதல் காரணம், மினுக்கம் ரெண்டாவது.

சரி, அந்தக் கறுப்பு.

மெட்டல் பெயிண்டுக்குள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உலோகச் செதில். அடி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பா இருந்தா அந்தச் செதில் எல்லாம் பாய் விரிச்ச மாதிரி படுக்கும், வெளிச்சம் ஒரே பக்கமாத் திரும்பி வரும், கண்ணுக்கு உலோகமாத் தெரியும். அடி சொரசொரப்பா இருந்தா செதில் ஒவ்வொண்டும் ஒவ்வொரு திசைக்கு நிக்கும், வெளிச்சம் சிதறிப்போய் சாம்பல் கலர் தான் மிஞ்சும். அதோட கறுப்பு அடியில இருந்தா நிறம் ஆழமா இருக்கும், வெள்ளை பிறைமருக்கு (பெயிண்ட் பிடிக்க முதல் அடிக்கிற அடிப்பூச்சு) மேல அடிச்சா பால் கலந்த மாதிரி வெளிறிப்போகும். நான் மூண்டு யோகட் கரண்டி எடுத்து ஒண்டில பிளாஸ்டிக்கில நேரயும், ஒண்டில சாம்பல் பிறைமருக்கு மேலயும், ஒண்டில மினுங்கிற கறுப்புக்கு மேலயும் ஒரே போத்திலால அடிச்சு அம்மாவின்ர அலுமினியச் சட்டிக்குப் பக்கத்தில வைச்சுப் பாத்தன். மூண்டாவது கரண்டியை அம்மா கழுவிற கரண்டியோட எடுத்து வைச்சிட்டா. அதுக்கு மேல எனக்கு வேற அத்தாட்சி தேவைப்படேல்ல.

கறுப்புக்கு நான் பாவிச்சது தமியா எக்ஸ்-1. இங்கதான் வன்னி எங்களைச் சோதிக்கும். கச்சான் காத்து வீசிற மாசங்களில பகலில கறுப்பு அடிக்கவே வேண்டாம், ஜன்னல் பூட்டியிருந்தாலும் கிறவல் புழுதி எங்காலயோ வந்து அந்த ஈரக் கறுப்பில தான் குந்தும். நெல்லு வெட்டுற நேரமும் அப்பிடித்தான், மெசின் அரை மைலுக்கு அங்கால ஓடினாலும் சுங்கு பறந்து வரும். மாரியில புழுதி இல்ல, ஆனா காத்தில ஈரம் கூட, கொம்பிரஷர் குழாய்க்குள்ள தண்ணி சேந்து பெயிண்டோட தெறிக்கும், தண்ணி பிடிக்கிற குப்பி பூட்டாமல் அடிக்கவேண்டாம். எனக்குச் சரிவந்தது விடிய அஞ்சு அஞ்சரை மணி. காத்து இல்ல, வெக்கை இல்ல, நிலத்துக்குத் தண்ணி தெளிச்சு, பனியனைக் கழட்டிப்போட்டு (உடுப்பில இருந்து வாற நூல்தான் கூட), அடிச்ச உடன பெரிய பிளாஸ்டிக் பெட்டியால மூடிவிட்டன். ரெண்டு நாள் தொடேல்ல. பிறகும் ரெண்டு மூண்டு தூசி இருந்தது, வாகனத்துக்கு பெயிண்ட் அடிக்கிற கராஜ்களுக்கு சாமான் விக்கிற கடையில 2000 நம்பர் தண்ணித்தாள் கிடைக்கும், அதைச் சவர்க்காரத் தண்ணியில நனைச்சு மெதுவா உரஞ்சி, பிறகு வெள்ளைப் பற்பசையால பஞ்சு வைச்சு மினுக்கினன். முகம் தெரியிற அளவுக்கு வரவேணும். கறுப்பில தெரியிற ஒவ்வொரு கீறலும் அலுமினியத்தில ரெண்டு மடங்காத் தெரியும், இதில அவசரப்பட்டா பிறகு திருத்த ஒண்டும் இல்ல.

77.701 ஐ அடிக்கிறது அதுக்குப் பிறகு சின்ன வேலை. காத்து அமுக்கத்தை 15 பிஎஸ்ஐயில வைச்சன். போத்திலை நல்லா, உண்மையாவே நல்லா, குலுக்கவேணும், உலோகம் கனம் எண்டபடியா அடியில போய் இருக்கும். ஒரேயடியா ஈரமா அடிக்கக்கூடாது, புகை மாதிரி மெல்லிசா அடிச்சு, ரெண்டு நிமிசம் விட்டு, திரும்ப. முதல் கோட் அசிங்கமா கறுப்பும் வெள்ளையுமா இருக்கும், பயப்படவேண்டாம், மூண்டாவது கோட்டில திடீரெண்டு ஒரு தகடு கண்ணுக்கு முன்னால வரும். எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாச் சொல்லுறன். அதோட நிப்பாட்டிப்போடுங்கோ, இன்னும் கொஞ்சம் எண்டு அடிச்சா கறுப்பின்ர ஆழம் போய் தடிச்சுப்போகும். வெக்கைக்கு நொசில் முனையில பெயிண்ட் காஞ்சு அடைக்கும், இது தண்ணி பெயிண்ட் எல்லாத்துக்கும் இருக்கிற குணம், வெயில் ஏற ஏற கூடும். பெயிண்டை இலகுவா ஓடப்பண்ணுற ஃபுளோ இம்புறூவர் ரெண்டு சொட்டு விட்டு, பக்கத்தில ஈரப் பஞ்சு வைச்சு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா முனையைத் துடைச்சா ஓடும். ஒரு டகோட்டாவுக்கு போத்திலில மூண்டில ஒரு பங்கு கூட முடியேல்ல.

இப்ப முழுக்க ஒரே அலுமினியம் அடிச்ச பிளேன் எவர்சில்வர் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் இருக்கும். உண்மையான பிளேனில ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு கலவை, ஒவ்வொரு தடிப்பு, உருட்டின பக்கமும் வேற, அதால வெளிச்சம் பிடிக்கிற விதமும் வேற. எங்கட ஊரில தகரக் கூரை பாத்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல, போன வருசத் தகரமும் இந்த வருசத் தகரமும் பக்கத்தில பக்கத்தில கிடந்தா எப்பிடி இருக்குமோ அப்பிடி. நான் 77.702 டியூராலுமினியத்தை நடு உடம்பில சில பனலுக்கும், 77.703 கறுத்த அலுமினியத்தை எஞ்சின் பக்கத்துக்கும் அடிச்சன், வித்தியாசம் மெல்லிசாத்தான் இருக்கவேணும், தூரத்தில நிண்டு பாத்தா தெரியவே கூடாது, கையில எடுத்துத் திருப்பேக்க மட்டும் தெரியவேணும்.

இன்னொண்டு, இது கனபேர் விடுற பிழை. டகோட்டாவின்ர வாலில இருக்கிற ரடர், எலிவேற்றர், செட்டையில ஐலரோன், அதாவது பிளேனைத் திருப்ப அசையிற பகுதிகள் எல்லாம், மேல தகடு இல்ல, துணி. துணிக்கு மேல அலுமினியத் தூள் கலந்த டோப் (துணியை இறுக்கிற பூச்சு) பூசினது. அது மினுங்காது, வெளிறின வெள்ளிச் சாம்பல். அதுகளை மூடிப்போட்டு 77.717 டல் அலுமினியம் அடிச்சன், உடன மற்ற இடமெல்லாம் இன்னும் உலோகமாத் தெரிஞ்சது. பி-51 மஸ்டாங் எண்ட அமெரிக்கச் சண்டைப் பிளேன் கட்டுற ஆக்களும் கவனியுங்கோ, அதின்ர உடம்பு வெறும் உலோகம், ஆனா செட்டை அப்பிடியில்ல, காத்து வழுக்கி ஓடவேணும் எண்டு ஃபாக்டரியிலயே தகடு பொருந்திற இடமெல்லாம் புட்டி போட்டு நிரவி வெள்ளிப் பெயிண்ட் அடிச்சு விட்டவங்கள். செட்டையையும் உடம்பு மாதிரியே மினுக்கினா அது மஸ்டாங் இல்ல.

குறை எண்டு பாத்தா, லக்கர் மாதிரி கெட்டியாப் பிடிக்காது. தண்ணி அக்ரிலிக்கிட்ட அதை எதிர்பாக்கவும் ஏலாது. பனலுக்கு டேப் ஒட்டேக்க எனக்கு ஒரு இடத்தில நகம் அளவுக்கு உரிஞ்சு கறுப்பு தெரிஞ்சது, அது பெயிண்டில பிழையில்ல, அந்த இடத்தை நான் கட்டமுதல் சவர்க்காரம் போட்டுக் கழுவேல்ல, கையெண்ணெய் இருந்திருக்கு. அதுக்குப் பிறகு டேப்பை உள்ளங்கையில நாலு தரம் ஒட்டி எடுத்து பிசினைக் குறைச்சு, ஒரு நாள் முழுக்க காயவிட்டு ஒட்டினன், உரியேல்ல. மேல வார்னிஷ் முழுக்க அடிக்கவேண்டாம், எந்த வார்னிஷும் உலோகத்தை ஒரு படி மங்கப்பண்ணும். டெக்கல் (எழுத்து, அடையாள ஸ்டிக்கர்) ஒட்டுற இடத்துக்கு மட்டும் அவங்கட மெட்டல் வார்னிஷ் 77.657 ஐ மெல்லிசா விட்டன். எயார் சிலோன் டெக்கல் எனக்குக் கிடைக்கேல்ல, அதால இப்ப எழுத்தில்லாமல் வெறும் உடம்பாத்தான் நிக்குது, கிடைச்சா ஒட்டுவன். கண்ணாடி மாதிரி குறோம் மினுக்கம் வேணுமெண்டு தேடுற ஆளுக்கு இந்தப் போத்தில் சரிவராது, ஆனா பறந்து திரிஞ்ச பிளேன் அப்பிடி இருக்கிறேல்ல, எஞ்சினுக்குப் பின்னால புகைக்கறையும் எண்ணெயும் வழிஞ்சு கிடக்கும். அந்தக் கறையை நான் பென்சில் கரித்தூளால தேச்சுவிட்டன், போதும்.

வாங்கிறதைப் பற்றி: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கயும் கடையில நான் காணேல்ல, கொழும்பில இருந்து எடுப்பிக்கவேணும் இல்லாட்டி வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரிட்டச் சொல்லிவிடவேணும். தண்ணி பெயிண்ட் எண்டபடியா ஸ்பிறே ரின்னுக்கு இருக்கிற அந்தப் பிளேன் சிக்கல் குறைவு. ஓடர் பண்ணேக்க போத்திலைத் தனித்தனியா பொலித்தீன் பையில கட்டச் சொல்லுங்கோ, முதல் தரம் எனக்கு வந்த பார்சலில ஒரு மூடி இளகி மற்றச் சாமான் எல்லாம் வெள்ளியாப் போய்க் கிடந்தது, அனுப்பின கடை மாத்தித் தரவும் இல்ல. புதுசாத் தொடங்கிற ஆள் 77.701 உம் 77.703 உம் வாங்கினாக் காணும், மிச்சக் காசுக்கு ஒரு எக்ஸ்-1 கூட வாங்கி வையுங்கோ, கறுப்புத்தான் முதல் முடியும்.

டகோட்டா இப்ப ரீவிக்கு மேல நிக்குது. பின்னேர வெயில் மேற்கு ஜன்னலால வரேக்க செட்டையில பட்டு கூரையில ஒரு வெளிச்சத் துண்டு விழும். தூசி தட்டேக்க துணி பாவிக்கவேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லி, மெல்லிய முடி உள்ள பவுடர் பிரஷ் ஒண்டு குடுத்திருக்கிறன், அவதான் தட்டுறா.