பி20 பயோடீசல்: புகை குறைகிறது, ஃபில்டர்தான் தலைவலி
பி20 என்றால் 20 சதவீதம் பயோடீசல் (தாவர எண்ணெய், கொழுப்பிலிருந்து செய்யும் எரிபொருள்), மிச்சம் சாதா டீசல். வண்டியின் கையேடு அனுமதித்தால் தாராளமாகப் போடலாம். எரிபொருளிலேயே ஆக்சிஜன் இருப்பதால் நன்றாக எரிகிறது. பழைய இன்ஜின்களில் புகைத்துகளும் கார்பன் மோனாக்சைடும் சுமார் 10 சதவீதம் குறையும். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் அசைந்து கொடுக்காது, சற்றே கூடவும் கூடும். மைலேஜ் இழப்பு 1–2 சதவீதம்தான்.

பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் படிந்த கசடை இளக்கிக் கொண்டுவந்து ஃபில்டரை அடைத்துவிடும். முதல் இரண்டு டேங்க் தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றுங்கள். அதற்குள்ளேயே வண்டி இழுக்கத் திணறினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். இயற்கை ரப்பர் ஹோஸ் நாளடைவில் உப்பும், ‘விட்டான்’ (Viton) என்ற செயற்கை ரப்பர் தாங்கும். எரிபொருளை ஆறு மாதத்துக்கு மேல் தேக்கி வைத்தால் பிசின் கட்டலாம். கடுங்குளிரில் சீக்கிரமே மெழுகு பிடிக்கும், அங்கே 5 சதவீதம் மட்டும் கலந்த பி5 போதும்.