உட்கார்ந்ததும் டிப்ஸ்

அமெரிக்காவில் டிப்ஸ் சாப்பிட்டு முடித்த பிறகு போடுகிற கணக்கு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், குறைந்தபட்சக் கூலியில் மீதியை டிப்ஸ் ஈடுகட்டும் என்பது அங்குள்ள மத்தியச் சட்டம். 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. பல மாநிலங்கள் மட்டும் கூடுதலாக வைத்திருக்கின்றன. அதனால் சேவை சுமாராக இருந்தாலும் 18, 20 சதவீதம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். நம் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லை. மதுரைக்குப் போனபோது மாமா புது யோசனை ஒன்று சொன்னார். "கடைசியில வைக்காத மாப்ள. உட்கார்ந்ததும் கையில கொடுத்துடு, அப்புறம் பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏசி ஹாலில் நிற்க இடமில்லை. தண்ணீர் வைக்க வந்த சப்ளையரிடம் ஐம்பது ரூபாயை நீட்டினேன். கல்லா பக்கம் ஒரு பார்வை, நோட்டு சட்டைப்பைக்குள் போனது. குரல் இறங்கியது: "வடை ஆறிப்போச்சு சார், வேணாம். பொங்கல் இப்பத்தான் இறக்குனாங்க, அதைச் சாப்பிடுங்க." ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்ததில் பெரியது இதுதான் என்பேன். தோசைக்கல் யாருக்காகவும் வேகமாகச் சூடாகாது, மாஸ்டரும் வரிசையை மாற்றவில்லை. ஆனால் ரோஸ்ட் கல்லிலிருந்து எடுத்த சூட்டில் மேஜைக்கு வந்தது. சட்னி தீரும் முன்பே வாளி வந்தது. டிபனோடு சேர்த்துக் கொண்டுவந்து ஆறவிடுகிற காபி, கை கழுவிவிட்டு வந்த பிறகு நுரையோடு வந்தது.

பக்கத்து மேஜைக் குடும்பம் எங்களுக்கு முன்பே வந்தது. அந்த அம்மா இரண்டாவது தடவை சாம்பார் கேட்டும் வாளி எங்களிடம்தான் நின்றது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மாமாவுக்கு இல்லை: "அவங்களும் கொடுத்திருக்கலாம்ல?"

மூலையில் இருந்த பெரியவர் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அவர் உட்காரும் முன்பே சர்க்கரை இல்லாத காபி வந்துவிட்டது. தினமும் வருகிறவருக்குத் தானாகக் கிடைப்பதை, எப்போதாவது வருகிற நாங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான்.

சென்னையில் இந்த வித்தை பலிக்கவில்லை. நான் போன பெரிய ஹோட்டலில் ஆர்டர் எடுக்கிறவர் ஒருவர், கொண்டுவருகிறவர் இன்னொருவர், மேஜை துடைக்கிறவர் வேறொருவர். முதல் ஆளிடம் கொடுத்தது அவரோடு போயிற்று. தட்டைத் தூக்கி வந்த வடமாநிலப் பையனுக்கு நான் யாரென்றே தெரியாது. இந்த மாதிரி இடங்களில் கடைசியில், யார் உண்மையில் ஓடினாரோ அவர் கையில் கொடுப்பதுதான் நியாயம். டோக்கன் வாங்கிக் கவுண்டரில் நிற்கும் கடைகளில் பேச்சே இல்லை. வீட்டுக்காரரே இலை போட்டுப் பரிமாறும் சின்ன மெஸ்ஸில் முன்பணம் நீட்டாதீர்கள். "சாப்பாடு நல்லாருந்துச்சுண்ணே" என்றால் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் உணவகத்தில் பில்லிலேயே பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏறியிருந்தது. ஜிஎஸ்டி வரி, அதைக் கட்டித்தான் ஆகவேண்டும். இது அப்படியில்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சொன்னதும் மேலாளர் மறுபேச்சின்றி எடுத்துவிட்டார். அந்தத் தொகையில் பாதியைப் பரிமாறியவரிடமே கொடுத்தேன்.

ஊருக்குப் போகிறவர்கள் இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லோரும் ஸ்கேன் செய்துவிட்டு எழுந்துவிடுவதால், பில்லோடு வரும் சோம்புத் தட்டில் மீதிச் சில்லறை விழுவதே குறைந்துவிட்டதாம். மதுரைச் சப்ளையர் சொன்னது.