லோயராக வேணுமென்றால் ஏ.எல்லில் (உயர்தரத்தில்) என்ன பாடம்? வன்னியிலிருந்து ஒரு ஒப்பீடு

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, வன்னியில் சட்டத்தரணியாக இருக்கிற என் கந்தோருக்கு யாராவது ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறாது: "சேர், இவள் லோயராக வேணுமாம். ஏ.எல்லுக்கு என்ன பாடம் போடுறது?" அதற்குள் ரியூசன் மாஸ்டர் வர்த்தகம் என்றிருப்பார், பக்கத்து வீட்டு அண்ணை கலை என்றிருப்பார், கனடாவில் இருக்கிற மாமா "மட்ஸ் படிக்கட்டும், பிறகு பார்ப்பம்" என்றிருப்பார்.

மூவர் சொல்வதிலும் பிழையில்லை. சட்ட பீடத்துக்கு இந்தத் துறையில்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பார்ப்பது இசட் புள்ளியை. அதில்தான் எங்கள் பிள்ளைகள் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். "லேசான பாடம்" என்று ஊரே சொன்ன மூன்றை எடுத்தேன். இரண்டு ஏ, ஒரு பி. வீட்டில் கேக் வெட்டினோம், சட்ட பீடம் கிடைக்கவில்லை. எல்லோரும் எழுபதுக்கு மேல் எடுக்கிற பாடத்தில் என் எழுபத்தைந்து சராசரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இசட் புள்ளி கணக்கிடுவது அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகி நிற்கிறீர்கள் என்பதைத்தான். லேசு என்று எல்லோரும் ஓடுகிற பாடத்தில் விலகி நிற்பது கடினம்.

சரி, துறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். கணிதமோ உயிரியலோ எடுத்தால் மனம் மாறினாலும் பொறியியல் அல்லது மருத்துவம் என்று வழி திறந்திருக்கும். ஆனால் பௌதிகவியலுக்கு ஒழுங்கான ஆசிரியர் இல்லாத பள்ளியில் இருந்துகொண்டு, வவுனியா ரியூசனுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் பஸ் ஏறி, கடைசியில் சட்டம் படிக்கத்தான் இவ்வளவுமா? விஞ்ஞானத்தில் உண்மையான ஆசை இருந்தாலொழிய வேண்டாம். வர்த்தகம் அதைவிடப் பரவாயில்லை. கணக்கியல் தெரிந்த சட்டத்தரணிக்குக் கம்பனி வழக்கும் கடன் வழக்கும் பயம் காட்டாது. சட்டம் தவறினாலும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது, வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம். அங்கே சட்ட பீடம் இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

என் மனம் கலைப் பக்கம்தான் சாயும், பாடத்தைப் பார்த்து எடுத்தால் மட்டும். அளவையியல் (லொஜிக்) முதலாவது. பிள்ளைகள் அதைக் கண்டு பயப்படுவார்கள், அந்தப் பயமே உங்களுக்கு வாய்ப்பு. பொது விதி, இந்த வழக்கின் சம்பவம், ஆகவே முடிவு என்று ஒரு நியாயத்தொடையை எழுதப் பழகியவர் நீதிமன்றத்தில் எழுத்துச் சமர்ப்பணம் எழுதத் தடுமாறமாட்டார். போலிகள், அதாவது பிழையான வாதங்கள் என்று ஒரு பகுதி வரும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று பார்க்க அதுபோல் வேறொன்று இல்லை. இரண்டாவது அரசியல் விஞ்ஞானம். சோல்பரி, 1972, 1978 என்று இலங்கையின் மூன்று அரசியல் யாப்பையும் பதினெட்டு வயதில் படித்தவருக்குச் சட்டக்கல்வியின் முதலாம் வருடம் பழகிய வீடு மாதிரி இருக்கும்.

மூன்றாவதுதான் சண்டை. வரலாறா, தமிழா, இந்து நாகரிகமா, புவியியலா? வரலாற்றில் ஒல்லாந்தர் காலம் படித்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான எங்கள் தேசவழமை 1706-07இல் எப்படி எழுத்துக்கு வந்தது, ரோமன் டச்சுச் சட்டம் இன்றும் ஏன் நீதிமன்றத்தில் பேசப்படுகிறது என்று பிடிபடும். இருந்தும் நான் புவியியலுக்கு வாக்களிப்பேன். இதைச் சொன்னால் சக சட்டத்தரணிகள் சிரிப்பார்கள். என் மேசையில் கிடக்கிற கோவைகளைப் பாருங்கள்: எல்லைத் தகராறு, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணி, இடப்பெயர்வில் தொலைந்த காணி உறுதி, காடு என்று வனவளத் திணைக்களம் எல்லைக் கல் போட்ட வயல். நில அளவையாளரின் வரைபடத்தை மேசையில் விரித்தால் வடக்கு எது என்று தேடாத கனிஷ்ட சட்டத்தரணி எனக்குத் தேவை.

இதெல்லாம் பல்கலைக்கழக வழிக்கு. நான் போன வழி சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கியது, கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுப் பரீட்சை, இசட் புள்ளி கேட்கமாட்டார்கள். உயர்தரத்தில் சித்தி வேண்டும், சாதாரண தரத்தில் மொழிப் பாடங்களில் திறமைச் சித்தி வேண்டும். பட்டம் எடுத்து வருகிறவர்களும் கடைசியில் இங்கே இறுதிப் பரீட்சை எழுதி, ஒரு சீனியரின் கீழ் ஆறு மாதம் பயின்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டியவர்கள்தான். செலவு என்று பார்த்தால் கொழும்பு வாடகையே ஆளைத் தின்றுவிடும். வன்னிக் குடும்பத்துக்கு, புள்ளி இருந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறைதான் மலிவு. அங்கே விரிவுரை ஆங்கிலத்தில்.

ஆங்கிலம் என்றதும் தாய்மாரின் முகம் வாடும். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதியை 2023இல் பாராளுமன்றம் தோற்கடித்தது, தமிழில் எழுதலாம். ஆனால் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. சிங்களமும் தெரியாமல் முடியாது. என் முதலாவது பிணை விண்ணப்பத்தில் பொலிஸ் பதிந்த முறைப்பாடு முழுவதும் சிங்களம். வாசிக்கத் தெரியாமல் நீதிமன்ற வாசலில் தேநீர்க் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல மனுசன், காசும் வாங்கவில்லை.

போன மாதம் வந்த பிள்ளை முல்லைத்தீவுப் பக்கம். அவளின் பள்ளியில் அளவையியலுக்கு ஆசிரியர் இல்லை, அரசியலுக்கும் புவியியலுக்கும் இருக்கிறார்கள். அளவையியலுக்காகப் பள்ளி மாறவா என்று கேட்டாள். தாயிடம் விடுதிக் காசு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். "பள்ளி மாறாதே, வரலாற்றை எடு. மிச்சம் பிடிக்கிற காசில் ஆங்கில வகுப்புக்குப் போ" என்றேன்.