கானாடுகாத்தான் வீட்டு உள்ளறைக்கு கியூ அகௌஸ்டிக்ஸ் 3020i ஸ்பீக்கர்

செட்டிநாட்டு வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? முதலில் எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம். வளவுக்கு, அதாவது திறந்த முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு, ஏற்றது உள்ளறைக்கு ஏற்காது.

நான் எடுத்துக்கொண்டது வளவை ஒட்டிய உள்ளறை. பன்னிரண்டடிக்குப் பத்தடி. ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர். கை வைத்தால் வழுக்கும். நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினால், ஓசை இரண்டு சுவருக்கும் நடுவே ‘டர்ர்’ என்று ஓடித் தேய்வது தெளிவாகக் கேட்கும். நான் கேட்பதோ பெரும்பாலும் கச்சேரி. இந்த அறைக்கும் அந்த இசைக்கும் கியூ அகௌஸ்டிக்ஸ் 3020i அருமையாகப் பொருந்துகிறது.

சின்னப் பெட்டிதான், ஒவ்வொன்றும் ஐந்தரைக் கிலோ. தாழ்ந்த ஒலிக்கு ஐந்து அங்குல வூஃபர், மேலே உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர், பின்பக்கம் காற்றுத் துளை. கீழே 64 ஹெர்ட்ஸ் வரை போகும் என்கிறது கம்பெனிக் கணக்கு (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி தாழ்ந்தது). இந்த எண்ணைப் பார்த்து ‘பேஸ் பத்தாதே’ என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகருக்குத் தம்புராவின் மிகத் தாழ்ந்த தந்தியான மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். கச்சேரியில் அதற்குக் கீழே நமக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அடிமட்டத்தில் ஸ்பீக்கரின் ஒலி கொஞ்சம் தணிந்துதான் வரும், ஆனால் பின்னாலிருக்கும் சுவர் அதைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது.

சுவர் தூக்கிக் கொடுப்பது அளவு மீறினாலும் தொல்லை. பன்னிரண்டடி நீளமுள்ள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கமும், அதன் இரட்டிப்பான 94 பக்கமும் ஒலி தேங்கி நிற்கும். ஆளுயரத் தரை ஸ்பீக்கரை இங்கே கொண்டுவந்தால் அந்தத் தேக்கம்தான் முதலில் காதில் விழும். 3020i-யோடு கூடவே நுரை அடைப்பான் தருகிறார்கள். சுவருக்கு நெருக்கமாக வைக்க வேண்டியிருந்தால் பின்துளையில் அதைச் செருகிவிடலாம். வித்தியாசம் தெரிய மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். அடைப்பான் இல்லாதபோது தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தின், கும்கி நாதம் கை நின்ற பிறகும் உப்பிக்கொண்டே போகிறது. அடைப்பானோடு, கை நின்றதும் நாதமும் நிற்கிறது. கை அழுத்தி இழுப்பது அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. இந்த ஒன்றுக்காகவே நான் இந்த ஜோடியைச் சிபாரிசு செய்வேன்.

வயலின் வேறு கதை. வெறும் தரையும் சுவருமாக விட்டால் மேல்ஸ்தாயியில் காது கூசும், எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் இந்த அறையில் அப்படித்தான். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் விரித்தேன். நாற்காலிக்குப் பின்னால் புத்தக அலமாரி. இவ்வளவு அழகான பூக்கல்லை மூடுவதா என்று ஆத்தாவுக்கு வருத்தம், அது நியாயமும்கூட. கேட்கும் நேரத்துக்கு மட்டும் விரித்துச் சுருட்டிவிடுகிறேன். பக்கச் சுவருக்கு மெல்லிய சேலையை ஒற்றையாகத் தொங்கவிட்டுப் பயனில்லை, கனத்த திரைச்சீலையைக் கொசுவம் கொசுவமாக விட வேண்டும். ஸ்டாண்டில் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரட்டும். சாதாரண ஆம்ப்ளிஃபையரே போதும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அங்கே தரை முழுக்கக் கார்ப்பெட், சுவரெல்லாம் துணி. நன்றாகப் பழகிய ஒரு பாட்டைக் கொண்டுபோய்க் கேளுங்கள், முடிந்தால் இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

வளவில் உட்கார்ந்து கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஆகாது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும், அதை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும். இதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 88 டெசிபல். வளவுக்கு 90-க்கு மேல் உள்ள, பெரிய வூஃபர் வைத்த பெட்டியைத் தேடுங்கள். அங்கே அதை மூலையோரம் வைத்தாலும் பரவாயில்லை, மிஞ்சிய பேஸ் முற்றத்து வழியாக வெளியே போய்விடும்.