கழுத்துக் கூனுக்கு அறுவை சிகிச்சை: முன்வழியா, பின்வழியா?

கழுத்தில் ஆபரேஷன் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “முன்னாடி கிழிப்பாங்களா, பின்னாடியா?” என்பதுதான். நியாயமான கேள்வி. விடை சொல்லுமுன் மருத்துவர் ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும்: வளைவு இன்னும் இளகுகிறதா, இறுகிவிட்டதா?

கழுத்தின் ஏழு எலும்புகளும் பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் முன்பக்கம் மெல்லப் புடைத்த வில்லாகத் தெரியும். சுமார் 5 கிலோ எடையுள்ள தலையை அந்த வில்தான் தாங்குகிறது. டிஸ்க் தேய்மானம், காசநோய், எலும்பு முறிவு, முடக்குவாதம், பழைய அறுவை என ஏதோ ஒன்றால் வில் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டால் தலை முன்னே தொங்கும். இதுதான் கழுத்துக் கூன். பின்கழுத்துத் தசைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதை இழுத்துப் பிடித்து ஓய்ந்துபோகும். தண்டுவடமோ கூனின் முகட்டில் இழுபட்டு அழுந்தும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவதும் நடை தள்ளாடுவதும் அப்போதுதான் தொடங்கும்.

இளகுகிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையணையை உருவிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள். தலை மெல்ல இறங்கி மெத்தையைத் தொட்டால் இளகும் வளைவு. அந்தரத்திலேயே நின்றால் எங்கோ இறுகியிருக்கிறது. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்-ரே அதை உறுதி செய்யும். எலும்புகள் முன்னால் ஒட்டியிருக்கின்றனவா, பின்மூட்டுகள் ஒட்டியிருக்கின்றனவா என்பதை சி.டி. காட்டிவிடும். தலை தாராளமாக இளகுகிறது, எலும்பிலும் பெரிய கோளாறில்லை என்றால் தசைநோயைத் தேட வேண்டும். தசைகளைச் சோரவைக்கும் மயஸ்தீனியா போன்ற நோயால் தலை தொங்கினால் மாத்திரையிலேயே நிமிரக்கூடும். அதைச் சோதிக்காமல் மேசையில் ஏற்றுவது பெரும் தவறு.

முன்வழியில் தொண்டையோரம் சிறு கீறல் போட்டு, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒருபுறம் ஒதுக்கி எலும்பை அடைகிறார்கள். தசையை அதிகம் அறுக்க வேண்டாம். அதனால் வலியும் சீழ் பிடிக்கும் அபாயமும் குறைவு. தேய்ந்த டிஸ்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உயரமான கேஜ் (இடைவெளியை நிரப்பும் சிறு கூண்டு) வைத்தால் ஒவ்வோர் இடத்திலும் சில பாகை வளைவு மீளும், தண்டுவடத்தை முன்னாலிருந்து அழுத்துவதையும் நேரடியாக அகற்றிவிடலாம். இரண்டு மூன்று மட்டங்களுக்குள் (ஒரு டிஸ்க் இருக்கும் இடம் ஒரு மட்டம்) அடங்கும் கூனுக்கு இதுவே முதல் தேர்வு என்பது என் கருத்து. விலை என்னவென்றால், விழுங்குவதில் சிரமமும் குரல் கம்மலும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். மட்டங்கள் கூடக்கூட, டிஸ்க் எடுத்த இடத்தில் மேல்-கீழ் எலும்புகள் ஒன்றாக ஒட்டாமல் போகும் வாய்ப்பும் கூடும்.

பின்வழியில் தசைகளை எலும்பிலிருந்து பிரித்து, எலும்புகளில் ஸ்க்ரூ இறக்கி உலோகக் கம்பியால் (ராடு) பிணைக்க வேண்டும். வலியும் தொற்றும் அதிகம். சிலருக்குத் தோளைத் தூக்க முடியாத பலவீனம் வரும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் தேறும். ஆனால் பிடிப்பின் பலத்தில் முன்வழி இதற்கு ஈடில்லை. நீண்ட வளைவையும், ஸ்க்ரூ எளிதில் நிற்காத மென்மையான எலும்பையும் பல மட்டங்களில் பிடித்துக் கட்ட இதுதான் உதவும். “கழுத்தே திரும்பாதா?” என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி: தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி முதலிரண்டு எலும்புகளுக்கு இடையில் நடப்பது. அந்த மூட்டைத் தொடாமல் விட்டால் அந்தப் பாதி மிஞ்சும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கூன் உள்ள கழுத்தில், ஸ்க்ரூ-ராடு எதுவும் இல்லாமல் தண்டுவடத்தை மூடியிருக்கும் எலும்பின் பின்கூரையை மட்டும் எடுக்கும் லேமினெக்டமிக்குச் சம்மதிக்காதீர்கள். இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். முகட்டில் சாய்ந்து கிடக்கும் தண்டுவடம் பின்னால் நகராது, இருந்த பிடிப்பும் போய்க் கூன் மேலும் முற்றும். குழந்தைகளிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இரு பக்கமும் இறுகிவிட்டால் ஒரு வழி போதாது. பின்மூட்டுகளை அறுத்து இளக்கி, முன்னால் திறந்து நிமிர்த்தி, மறுபடி பின்னால் பூட்டுவார்கள்.

முதுகெலும்பு முழுக்க மூங்கில்போல் ஒட்டிப்போகும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் தனிக்கதை. தாடை நெஞ்சில் முட்டி நிற்பவருக்கு எதிரே இருப்பவரின் முகம் தெரியாது, தம்ளரைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்க முடியாது. தாடையே மறிப்பதால் முன்வழிக்கும் இடமில்லை. பின்னாலிருந்து எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும். வெட்டுவது பெரும்பாலும் கழுத்தின் அடியில், ஏழாவது எலும்பை ஒட்டி. மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது எலும்பில்தான் துளைக்குள் நுழைகிறது, ஏழாவதில் வழி திறந்திருக்கிறது. தண்டுவடக் குழாயும் அங்கே அகலம். 1958-இல் யூரிஸ்ட் இதை விவரித்தபோது நோயாளி உட்கார்ந்தபடி, மரத்துப்போகும் ஊசியோடு, விழித்திருந்தார். கைகால் அசைகிறதா என்று அவரையே கேட்டுப் பார்க்கலாம் அல்லவா! இன்று முழு மயக்கத்தில், நரம்புச் சமிக்ஞைகளைக் கருவியில் கவனித்தபடி செய்கிறார்கள்.

இதிலும் இரண்டு முறை. பின்னால் மூட்டுகளை வெட்டி, முன்பக்கம் முறிந்து விரியும்படி நிமிர்த்துவது பழையது. விரியும்போது உணவுக்குழாயும் ரத்தக்குழாய்களும் இழுபடும். எலும்பையே ஆப்பு வடிவில் செதுக்கி எடுத்து மூடுவது புதியது. வேலை கடினம், ஆனால் முன்னால் விரிசல் விழாது, எலும்போடு எலும்பு பொருந்தும். கைதேர்ந்தவர் கிடைத்தால் நான் இரண்டாவதையே கேட்பேன்.

எவ்வளவு நிமிர்த்துவது என்பதை நெற்றிக்கும் தாடைக்கும் இடையிலான கோட்டின் சாய்வை அளந்து முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். முழுக்க நேராக்கச் சொல்லி நோயாளிகள் கேட்பதுண்டு. மருத்துவர் வேண்டுமென்றே சற்றுக் குனிவை விட்டுவைப்பார். பூட்டிய கழுத்தோடு மாடிப்படி இறங்குபவருக்கு அடுத்த படி தெரிய வேண்டும்.