லெட்டர்ல வந்த ஓசி கிரெடிட் மானிட்டரிங்: ரெண்டு வருஷம் வச்சிருந்து பாத்துட்டு எழுதறேன்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனிட்ட இருந்து லெட்டர் வந்துச்சு. பேரே கேள்விப்படாத கம்பெனி, நாங்க போற டாக்டர் ஆபீஸ் பில்லெல்லாம் இவங்க வழியாத்தான் போகுமாம். வீட்ல ஏதோ கார்டு ஆஃபர்னு நெனச்சு கிழிச்சு போடப் பாத்தாங்க. ரெண்டு பக்கம் சுத்தி வளைச்சு எழுதியிருந்தாலும் விஷயம் இவ்ளோதான், சிஸ்டத்துக்குள்ள யாரோ பூந்துட்டாங்க, உங்க பேர், பொறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (எஸ்எஸ்என், கடன், வரி எல்லாத்துக்கும் இங்க கேக்கற அரசாங்க நம்பர்) இருந்த ஃபைல் "பார்க்கப்பட்டிருக்கலாம்". இருக்கலாமாம். எடுத்தானா இல்லையான்னு அவங்களுக்கே தெரியல. பரிகாரமா ரெண்டு வருஷம் கிரெடிட் மானிட்டரிங் (உங்க பேர்ல புதுசா கடனோ கார்டோ ஓப்பன் ஆனா அலர்ட் அனுப்பற சர்வீஸ்) ஃப்ரீ, இந்தாங்க கோடு, 90 நாளைக்குள்ள ஆக்டிவேட் பண்ணிக்கங்க.

அமெரிக்கால இருக்கற நம்மாளுங்க நெறைய பேருக்கு இந்த மாதிரி லெட்டர் வந்திருக்கும், அதான் எழுதறேன். லெட்டரே டுபாக்கூரா இருக்கலாம்னு சந்தேகப்பட்டு அதுல இருந்த நம்பருக்கு கூப்பிடாம டாக்டர் ஆபீஸ்ல கேட்டேன், உண்மைதான்னாங்க. சரின்னு உள்ள போனா மொத கேள்வியே "உங்க எஸ்எஸ்என் குடுங்க". தொலைச்சவன் குடுத்த டோக்கன வச்சுக்கிட்டு இன்னொருத்தன்ட்ட போய் அதே நம்பர எழுதிக் குடுக்கணும்! வேற வழியும் இல்ல, அந்த நம்பர் இல்லாம அவங்களால எதத் தேட முடியும். கார்டு நம்பர் கேக்கல, அது ஒரு நல்ல விஷயம், ஏன்னா டைம் முடிஞ்சதும் அவங்களா காசு எடுக்க முடியாது.

ஆப் பாக்க நல்லா இருக்கு, பச்சைக் கலர்ல ஒரு மீட்டர், நடுவுல கிரெடிட் ஸ்கோர் (கடன ஒழுங்கா கட்டுவோமான்னு காட்டற மார்க்), கீழ "எல்லாம் நலம்". டார்க் வெப் (திருட்டுத் தகவல் கைமாறற மறைவான இணையம்) ஸ்கேன்னு ஒன்னு, அதுல வந்த அலர்ட்டெல்லாம் நான் எப்பவோ மறந்துபோன சைட்ல போட்ட பழைய ஈமெயில் பாஸ்வேர்டு பத்திதான். அடிக்கடி "உங்க ஸ்கோர் 2 பாயின்ட் ஏறியிருக்கு"ன்னு ஒரு நோட்டிஃபிகேஷன். இத வச்சு நான் என்ன பண்ண? ஆனா அந்த பச்சை மீட்டர் ஒரு தெம்பு குடுக்கும் பாருங்க, அதுதான் இதுல பெரிய ஆபத்தே. எட்டு மாசம் நான் வேற ஒன்னுமே பண்ணல, அதான் யாரோ பாத்துக்கறாங்களேன்னு விட்டுட்டேன்.

அப்புறம் வீட்டு லோன் பத்தி விசாரிக்கலாம்னு ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம்ல மூணு ப்யூரோ (நம்ம கடன் வரலாற சேத்து வச்சு கடன் குடுக்கறவங்களுக்கு குடுக்கற கம்பெனிங்க) ரிப்போர்ட்டையும் எடுத்தேன். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் மூணும் அங்க ஃப்ரீயா கெடைக்கும், முன்ன வருஷத்துக்கு ஒரு தடவதான், 2023லருந்து வாரா வாரம் எடுக்கலாம்னு நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. மூணுல ஒரு ரிப்போர்ட்ல மட்டும் ஒரு ஸ்டோர் கார்டு (கடை பேர்ல குடுக்கற கிரெடிட் கார்டு) அக்கவுன்ட், நான் காலடியே வைக்காத கடை, எனக்கு தெரியாத அட்ரஸ், பேலன்ஸ் வேற நிக்குது. ஓப்பன் ஆகி மூணு மாசம் ஆச்சு, ஆப்ல ஒரு சத்தமும் இல்ல. சாட்ல சண்ட போட்டப்புறம்தான் புரிஞ்சுது, எனக்கு குடுத்த ப்ளான் ஒரே ஒரு ப்யூரோவ மட்டும்தான் பாக்குமாம், திருடன் அப்ளை பண்ணினது வேற ப்யூரோ வழியா. கடைக்காரன் எந்த ப்யூரோல ரிப்போர்ட் எடுக்கறது, மூணுக்கும் தகவல் அனுப்பறதா வேணாமாங்கறதெல்லாம் அவன் இஷ்டம். நான் ஒரு வாசல்ல வாட்ச்மேன் போட்டுட்டு மத்த ரெண்ட தெறந்து வச்சிருந்திருக்கேன். லெட்டர்ல இது இருந்துச்சு, "சிங்கிள் ப்யூரோ"ன்னு ரெண்டே வார்த்தை, நான்தான் படிக்கல. உங்களுக்கு லெட்டர் வந்தா மொதல்ல அந்த ரெண்டு வார்த்தையத் தேடுங்க.

சரி பண்ணின கதைய சுருக்கமா சொல்லிடறேன். எஃப்டிசிங்கற நுகர்வோர் பாதுகாப்பு அரசு அமைப்போட ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் சைட்ல போய் நடந்தத பூர்த்தி பண்ணினா ஒரு ரிப்போர்ட் வரும், அதுதான் துருப்புச்சீட்டு. அத ஐடி ப்ரூஃபோட, எந்த அக்கவுன்ட் என்னுது இல்லன்னு எழுதி ப்யூரோவுக்கு அனுப்பினா 4 பிசினஸ் நாளைக்குள்ள அந்த அக்கவுன்ட்ட ரிப்போர்ட்ல இருந்து ப்ளாக் பண்ணணும்ங்கறது சட்டம். சும்மா டிஸ்ப்யூட்னு போட்டா 30 நாள் விசாரணைன்னு இழுக்கும். கடைக்கு தனியா ஃபோன் பண்ணி ஃப்ராட் டிபார்ட்மென்ட்ட பிடிச்சு க்ளோஸ் பண்ணினேன், நாலு தடவ ட்ரான்ஸ்ஃபர், ஒவ்வொருத்தர்ட்டயும் மொதல்லருந்து கதை.

இப்பதான் ஹீரோ என்ட்ரி, கிரெடிட் ஃப்ரீஸ். இத மொத நாளே பண்ணியிருக்கணும். மானிட்டரிங் நடந்தப்புறம் சொல்லும், ஃப்ரீஸ் நடக்கவே விடாது. உங்க ஃபைல ப்யூரோ பூட்டிடும், புதுசா லோனோ கார்டோ குடுக்க வர்றவனுக்கு ரிப்போர்ட் கெடைக்காது, ரிப்போர்ட் இல்லாம பெரும்பாலும் யாரும் கடன் குடுக்க மாட்டான். ஸ்கோர் ஒரு பாயின்ட் கூட எறங்காது, இருக்கற கார்டெல்லாம் வழக்கம்போல வேல செய்யும். 2017ல ஈக்விஃபாக்ஸ்லயே பூந்து 14 கோடியே 70 லட்சம் பேர் தகவல் போச்சே ஞாபகம் இருக்கா, அப்ப பல ஸ்டேட்ல இந்த பூட்டு போடவே காசு கட்டணும், அதாவது அவங்க தொலைச்சதுக்கு நாம ஃபீஸ். 2018 செப்டம்பர் 21லருந்து நாடு முழுக்க ஃப்ரீ. ஆன்லைன்லயோ ஃபோன்லயோ கேட்டா ஒரு பிசினஸ் நாள்ல பூட்டணும், எடுக்கச் சொன்னா ஒரு மணி நேரத்துல எடுக்கணும்.

மூணு எடத்துலயும் தனித்தனியா போடணும், அதுதான் ஒரே எரிச்சல். ஒன்னுல அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சுது. இன்னொன்னுல ஃப்ரீஸ் பட்டன் எங்கன்னு தேடவே கால் மணி நேரம், எங்க தொட்டாலும் "லாக்"னு மாசக் கட்டண ப்ளான் ஒன்னு முன்னாடி வந்து நிக்குது. லாக் வேற, ஃப்ரீஸ் வேறங்க. லாக் கம்பெனியோட ப்ராடக்ட், ஃப்ரீஸ் சட்டம் குடுத்த உரிமை, காசு கேட்டாலே தப்பான பக்கத்துல நிக்கறீங்கன்னு அர்த்தம். மூணாவதுல என்னை நானேன்னு நிரூபிக்க முடியல. இனிஷியல் பிரச்சனை! ஒரு பேங்க்ல அப்பா பேர் லாஸ்ட் நேம், இன்னொன்னுல என் பேரே லாஸ்ட் நேம், லைசென்ஸ்ல வேற மாதிரி. இதுல "கீழ்க்கண்ட தெருக்களில் எதில் வசித்தீர்கள்"னு கேள்வி, வந்த புதுசுல நாலு பேரா தங்கின அபார்ட்மென்ட் தெரு பேர் யாருக்கு ஞாபகம். கடைசில லைசென்ஸ் காப்பி, கரென்ட் பில் காப்பி எல்லாம் தபால்ல அனுப்பித்தான் நடந்துச்சு.

ஃப்ரீஸ் போட்டு அஞ்சு மாசம் கழிச்சு ஒரு பேங்க்ல இருந்து லெட்டர், "உங்கள் விண்ணப்பத்தை பரிசீலிக்க இயலவில்லை, கிரெடிட் ஃபைல் கிடைக்கவில்லை". நான் அப்ளையே பண்ணல! வாழ்க்கைல ரிஜெக்ட் ஆகி சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான். பேங்க்குக்கு ஃபோன் போட்டு நான் இல்லன்னு மட்டும் சொல்லிட்டேன்.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு ஃப்ராட் அலர்ட்னும் ஒன்னு இருக்கு, ஒரு ப்யூரோல போட்டா போதும், மத்த ரெண்டுக்கும் அவங்களே சொல்லிடணும், ஒரு வருஷம் நிக்கும். ஆனா அது "ஆள விசாரிச்சிட்டு குடுங்க"ன்னு ஒட்டின ஸ்டிக்கர்தான், பூட்டு இல்ல.

கார் லோனுக்கு தெறக்கறது கஷ்டமோன்னு பயந்தேன். டீலர்ட்ட எந்த ப்யூரோல எடுப்பீங்கன்னு கேட்டேன், மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு சொன்னார், அங்கயே உக்காந்து ஃபோன்ல அந்த ஒன்ன மட்டும் ரெண்டு நாளைக்கு எடுத்துவிட்டேன், காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேல முடிஞ்சுது, ரெண்டு நாள் கழிச்சு தானா பூட்டிக்கிச்சு. தமாஷ் என்னன்னா இந்த லோன் இன்கொயரிக்கு (டீலர் ரிப்போர்ட் எடுத்ததுக்கு) நம்ம மானிட்டரிங் ஆப் அலர்ட் அனுப்பிச்சு, மூணு நாள் கழிச்சு, செவப்புக் கலர்ல.

ஃப்ரீஸும் எல்லாத்தையும் தடுக்காது. கையில இருக்கற கார்டு நம்பர் திருடு போனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்க எஸ்எஸ்என் வச்சு வேற ஒருத்தன் டாக்ஸ் ஃபைல் பண்ணி ரீஃபன்ட் வாங்கிட்டு போகலாம், அதுக்கு ஐஆர்எஸ் (வருமான வரித் துறை) சைட்ல ஐபி பின்னு 6 இலக்க நம்பர் ஒன்னு வாங்கிக்கணும், வருஷா வருஷம் மாறும், அது இல்லாம உங்க பேர்ல ஈ-ஃபைல் பண்ண முடியாது. உங்க பேர்ல பேங்க் அக்கவுன்ட் தெறக்கறத தடுக்க செக்ஸ்சிஸ்டம்ஸ்ல (பேங்க் அக்கவுன்ட் வரலாற வச்சிருக்கற கம்பெனி) தனியா ஒரு ஃப்ரீஸ், அதுவும் ஃப்ரீதான்.

போன மாசம் ஓசி காலம் முடிஞ்சுது, "உங்கள் பாதுகாப்பு முடிகிறது"ன்னு ஈமெயில் மேல ஈமெயில், மாசா மாசம் கட்டினா தொடரலாமாம். கட்டல. மானிட்டரிங்குக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் திருட்டு நடந்தா செலவுக்கு இன்ஷூரன்ஸ் இருக்குங்கறதுக்காக. ஓசில வந்தா வாங்கிக்கங்க, ஆனா ஃப்ரீஸ் போட்டுட்டு வாங்கிக்கங்க. ஃப்ரீஸுக்கு நாலரை, அந்த அரை அந்த தெரு பேர் கேள்விக்காக கொறச்சது.

பொண்ணு பேரும் அந்த பில்லிங் ஃபைல்ல இருந்துச்சு, வயசு ஒம்போது. 16 வயசுக்கு கீழ இருந்தா அப்பா அம்மா ஃப்ரீஸ் போடலாம், ஃபைலே இல்லன்னாலும் ப்யூரோ ஒன்னு உண்டாக்கி பூட்டணும், அதுவும் ஃப்ரீ. பர்த் சர்டிஃபிகேட் காப்பி, ரெண்டு பேர் எஸ்எஸ்என் கார்டு காப்பி, என் லைசென்ஸ் காப்பின்னு மூணு கவர் அனுப்பினேன். ரெண்டு எடத்துல இருந்து கன்ஃபர்மேஷன் வந்துடுச்சு, மூணாவது இன்னும் வரல, வந்தா இங்கயே அப்டேட் பண்றேன்.