முல்லைக்கொடியில் இலை சுருண்டால்: சோப்புத் தண்ணீரா, வேப்பெண்ணெயா, ஊடுருவும் மருந்தா?

வேலியில் ஏற்றிவிட்ட முல்லைக்கொடியின் நுனி இலைகள் போன கோடையில் சுருளத் தொடங்கின. மூன்று வழிகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டேன். இப்போது என் கை போவது சோப்புத் தண்ணீருக்குத்தான்.

மருந்தைப் பற்றிப் பேசும் முன், சுருட்டியது எது என்று தெரிய வேண்டும். மதிய வெயிலில் சுருண்டு மாலையில் விரிந்தால் அது தண்ணீர்ப் பிரச்சினை, தெளிக்க எதுவும் இல்லை. தண்டில் எறும்பு வரிசை ஏறி, இலை பிசுபிசுத்தால் அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி. அதுவும் இல்லையென்றால் ஒரு நுனியை வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் மெல்லிய, நீளமான பூச்சி ஓடினால் இலைப்பேன். மிளகாய்ச் செடி வளர்த்தவர்களுக்கு இது பழக்கமானது, இலையை மேல்நோக்கிச் சுருட்டும். தூசிபோல் உள்ள புள்ளிகள் மெதுவாக நகர்ந்தால் சிலந்திப்பேன், சுருக்கமாகச் சிலந்தி. என் கொடியில் இருந்தது இந்தச் செஞ்சிலந்திதான்: இலையின் மேல்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள், அடிப்புறம் மெல்லிய நூலாம்படை.

நான் முதலில் வாங்கியது இமிடாகுளோப்ரிட் என்ற ஊடுருவும் மருந்து. வேரில் ஊற்றினால் செடிக்குள் ஏறி வாரக்கணக்கில் நிற்கும் என்பதால், ஒரே முறையில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். அசுவினிக்கு நன்றாகக் கேட்கும் மருந்துதான். ஆனால் சிலந்தி பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் இனம். இந்த மருந்து அதைக் கொல்லாது. சிலந்தியைத் தின்னும் பூச்சிகளைக் கொன்றுவிட்டால் சிலந்தி இன்னும் பெருகும். அப்புறம், மருந்து மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்ததே தேனீக்களுக்காகத்தான். பூக்கும் கொடிக்கு இது வேண்டாம்.

மீதி இரண்டில் எது என்பதை முடிவு செய்தது மறு தெளிப்புதான். சோப்போ வேப்பெண்ணெயோ முட்டைகளை முழுவதும் அழிக்காது. நல்ல சூட்டில் சிலந்தி முட்டை ஒரு வாரத்துக்குள்ளேயே வளர்ந்த சிலந்தியாகிவிடும். அதனால் ஐந்து நாளுக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று தெளிப்பு வேண்டும். ஒரே தெளிப்பில் நிறுத்திவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்வதுதான் நடக்கிறது. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி எடுத்து, சோப்பு சேர்த்து அடித்துக் கலக்கி, அன்றே தெளித்து முடிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். அதில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருளான அசாடிராக்டின் சூரிய ஒளியில் சிதைந்துவிடும் என்பதால் மாலைதான் சரியான நேரம். எண்ணெய் பிரிந்து தெளிப்பான் அடைக்கும். மூன்றாவது முறை தெளிக்க எனக்கு மனமே வரவில்லை. சோப்புக்கு இந்தப் பாடு இல்லை. செடிகளுக்கான திரவ சோப்பான பொட்டாசியம் சோப்பை லிட்டருக்கு 10 மில்லி கலந்தால் போதும். பாத்திரம் தேய்க்கும் திரவம் இலையைப் பதம் பார்க்கும், அதைத் தவிருங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், மழைநீர் இருந்தால் நல்லது. முதலில் நாலு இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

சோப்பின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் பட்ட உயிர்தான் சாகும், காய்ந்துவிட்டால் அதற்குச் சக்தியில்லை. சுருளுக்குள் பதுங்கியது தப்பிவிடும். அதனால் நன்றாகச் சுருண்ட நுனிகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, இலைகளின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, அதன் பிறகே தெளித்தேன். பாதி வேலையைக் கத்தரியும் தண்ணீருமே செய்தன.

இலைப்பேனுக்கு இதே முறை எவ்வளவு கேட்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது, என் கொடியில் அது வந்ததில்லை. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, புதுத்துளிரும் கோணலாகவே வந்தால் வைரஸாக இருக்கலாம். அதற்கு இந்த மூன்றுமே மருந்தல்ல.

ஏற்கெனவே சுருண்ட இலை மறுபடி நிமிராது. அதைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றாதீர்கள், புதுத்துளிரைப் பாருங்கள். என் கொடியில் மூன்றாம் தெளிப்புக்குப் பிறகு விட்ட துளிர்கள் தட்டையாக விரிந்தன.